கடை மாறும் மாத்திரை

மாமா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை விட்டு வந்தது ஒரு வியாழக்கிழமை. விடாத மழை. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அன்று பேருந்தில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தார். கையில் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரம். பிரிவு உபசாரத்தில் கொடுத்தது. காகிதம் நனைந்து, சாயம் சட்டையில் இறங்கியிருந்தது.

"இனிமே நேரத்துக்கு எங்கேயும் போக வேண்டாம்னு அனுப்பிட்டு, கையில கடிகாரத்தைக் கொடுத்திருக்காங்க" என்றார்.

அத்தை கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்சூரன்ஸ் கார்டு எங்கே?" என்று கேட்டாள்.

"அதை வாங்கிக்கிட்டாங்க."

அந்த அட்டை போனதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. மாமாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. நாலைந்து மாத்திரை மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துவந்தது. தினம் காலையில் ஒன்று, ஆயுசுக்கும். அதன் விலை என்ன என்று அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பயிற்சிப் பள்ளியின் காப்பீடு பார்த்துக்கொண்டது. அடுத்த வாரம் கடையில் பணம் கட்டச் சொன்னபோது மாமாவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்தே பழகிய கால் அது. வீட்டில் பிரேக் இல்லாவிட்டாலும், பயம் வந்தால் மிதித்துவிடும். தொலைக்காட்சியில் யாராவது சாலையைக் கடந்தால் மிதிக்கும். அத்தை பேச ஆரம்பித்தாலும் மிதிக்கும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. நான் அப்போது பல நாடுகள் சுற்றித் திரும்பி, அடுத்து என்ன என்று தெரியாமல், அவர்கள் வீட்டுப் பின்னறையில் பெட்டியைப் பிரிக்காமலே தங்கியிருந்தேன். அத்தைக்குச் சலவைக் கடை ஒன்றில் வேலை. முன்னால் துணி வாங்குவார்கள், நடுவில் ஆவி பறக்க இஸ்திரி போடுவார்கள், கடைசி அறையில் அத்தை தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பாள். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைத் தளர்த்துவது, ஜிப் மாற்றுவது அவள் தொழில். கழுத்தில் அளவு நாடா, உதட்டோரம் நாலைந்து குண்டூசி. ஊசியை எடுக்காமலே பேசுவாள் என்பதால் எது சொன்னாலும் மிரட்டுவது போலவே இருக்கும். அவளிடம் யாரும் கூலியில் பேரம் பேசியதில்லை.

எவ்வளவு குறைக்கச் சொன்னாலும் துணியை வெட்டி எறிய மாட்டாள். உள்பக்கம் மடித்து வைத்துத் தைப்பாள். "நாளைக்கே பிரிக்க வேண்டி வந்தா துணிக்கு எங்கே போறது?" என்பாள். இருப்பதை வீணாக்குவது அவளுக்குப் பொறுக்காது. அப்படிப்பட்டவள் கண்ணில்தான் ஒரு நாள், சவரக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில், வெள்ளைத் தூள் பட்டது.

முதலில் பல்பொடி என்று நினைத்தாளாம். தொட்டு நக்கிப் பார்த்தாள். கசந்தது. பக்கத்திலேயே சவர பிளேடு இருந்தது. மாமா மாத்திரையைப் பாதியாக வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அரை போதும். நான் இப்போ வேலைக்கா போறேன்? வண்டியே ஓடலை, எதுக்கு டேங்க் நிறைய பெட்ரோல்?" என்று மாமா நியாயம் பேசினார்.

அத்தை சண்டை போடவில்லை. பிளேடை எடுத்துக் குப்பையில் போட்டாள். "நீங்க தினம் முழு மாத்திரை முழுங்குவீங்க. முழு விலை நான் கொடுக்க மாட்டேன். ரெண்டையும் நான் பார்த்துக்கறேன்" என்றாள். மாமாவின் கால் தரையைத் தேடியது.

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய மருந்துக்கடை இருந்தது. மரப் பலகைகள், உயரமான நாற்காலி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஒரு மனிதர். மனைவியை இழந்தவர். ஊருக்கே அவர் மூலைக்கடைக்காரர். அதற்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், கண்ணாடிச் சுவர்களோடு பெரிய மருந்துக்கடை ஒன்று புதிதாக வந்தது. அங்கே மருந்து கொடுக்கும் பகுதிக்குப் பொறுப்பு ஐம்பதை நெருங்கும், கல்யாணமாகாத ஒரு பெண். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, சிரிக்காத முகம். அத்தை நேரில் அவளை மேடம் என்பாள், முதுகுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு என்பாள்.

பெரிய கடை வாசலில் ஆளுயர அறிவிப்பு ஒன்று தொங்கியது. வேறு கடையில் இருக்கும் உங்கள் மருந்துச் சீட்டை எங்களிடம் மாற்றினால் அந்த மாத மருந்து பாதி விலை. எல்லோரும் அந்தப் பெரிய எழுத்தைப் படித்துவிட்டுப் போனார்கள். அத்தை கீழே எறும்பு ஊர்ந்தது போல இருந்த சின்ன எழுத்தையும் படித்தாள். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண். போன மாதம் அங்கே அந்த மருந்தை வாங்காதவர் எவரும் புது வாடிக்கையாளர்தான் என்று அதில் இருந்தது. பிறகு சாலையைக் கடந்து வந்து மூலைக்கடைப் பலகையைப் படித்தாள். எதிர்க்கடை தரும் எந்தச் சலுகையும் இங்கும் உண்டு என்று அவர் சுண்ணக்கட்டியில் எழுதிவைத்திருந்தார். ரோஷத்தில் எழுதியது.

அத்தை நடுச்சாலையில் நின்று ஒரு கடையைப் பார்த்தாள், மறு கடையைப் பார்த்தாள். கால்சட்டையின் இரண்டு காலும் ஒரே நீளமா என்று பார்க்கும்போது வரும் முகம் வந்தது.

"இந்த மாசம் அங்கே. அடுத்த மாசம் இங்கே. அதுக்கடுத்த மாசம் மறுபடி அங்கே. உங்க மாமா எந்தக் கடைக்கும் பழைய ஆளே ஆக மாட்டார்" என்றாள் என்னிடம்.

அப்படியே ஆயிற்று. ஒவ்வொரு மாதமும் மாமாவின் மருந்துச் சீட்டு சாலையைக் கடந்தது. அதோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூத்தவர்களுக்குத் தள்ளுபடி. அன்று மாமாவுக்குத் தலை சீவக்கூடாது என்று உத்தரவு, வயது கூடுதலாகத் தெரியுமாம். பஞ்சு, களிம்பு, இருமல் மருந்து எல்லாம் ஆளுக்கு ஒன்றுதான் என்று இருந்தால், நாங்கள் மூன்று பேரும் வரிசையில் தனித்தனியாக, முன்பின் தெரியாதவர்களாக நிற்க வேண்டும். மாமாவுக்கு அது மட்டும் வரவே வராது. அத்தைக்கு இரண்டு பேர் தள்ளி நின்றுகொண்டு, "ஏம்மா, குடையை எடுத்தியா?" என்று கேட்டுவிடுவார். அன்றைக்குப் பஞ்சு ஒரு பொட்டலம்தான் கிடைத்தது. வழி நெடுக அத்தை அவரை உண்மையாகவே முன்பின் தெரியாதவரைப் போல நடத்தினாள். கூப்பன்களை அவள் தன் பையின் உள்பக்கத்தில் குண்டூசியால் குத்திவைப்பாள். பணம் எடுக்கக் கையை விடும் யாருக்கும் விரலில் இரத்தம் வரும். திருடன் வந்தாலும் பிழைக்க மாட்டான் என்று மாமா சொல்வார்.

சீட்டு கடை மாற ஒரு முறை உண்டு. புதுக் கடைக்காரர் பழைய கடைக்காரரைத் தொலைபேசியில் கூப்பிடுவார். பழையவர் சீட்டில் இருப்பதை வாசித்துக் காட்டிவிட்டுத் தன் கணக்கில் அந்தப் பெயரை அடித்துவிடுவார். புதியவர் எழுதிக்கொள்வார். ஒரு சீட்டு ஓர் இடத்தில்தான் இருக்கலாம்.

அப்படி முதல் மாதம் வெள்ளைக் கோட்டு மூலைக்கடையைக் கூப்பிட்டபோது நான் அருகில் இருந்தேன். மருந்தின் பெயர், அளவு, நன்றி. வைத்துவிட்டாள். இரண்டாம் மாதம் இவர் அவளைக் கூப்பிட்டார். கொஞ்சம் நீண்டது. எங்கள் மாமாவின் உடல்நலத்தை விசாரித்துக்கொண்டார்கள். அதற்கடுத்த மாதம் மழையைப் பற்றியும் பேச்சு வந்தது. இருவருக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு சாலை. ஒரே மழைதான் இரண்டு கடை வாசலிலும் பெய்தது. பிறகு ஒரு மாதம் மூலைக்கடைக்காரர் சிரித்தபடி முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினார். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து அளவு நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"ஒரு மாத்திரை பேரைச் சொல்ல இவ்வளவு நேரமா? இந்நேரம் நான் ரெண்டு ஜிப் மாத்தியிருப்பேன்" என்றாள் என் காதில்.

"இண்டிகேட்டர் போடாமலே ரெண்டு பேரும் ஒரு பக்கமா ஒதுங்கறாங்க" என்றார் மாமா. நாங்கள் இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

குளறுபடி மாமாவால் வந்தது. வீட்டில் சும்மா இருக்கிறார் என்று அத்தை ஒரு நாள் ஏதோ சொல்லிவிட்டாள். அவருக்குச் சுருக்கென்று பட்டது. அந்த மாதம் சீட்டைத் தானே மாற்றிவிட்டு வந்து அவளை அசரவைப்பது என்று முடிவு செய்தார். எந்த மாதம் எந்தக் கடை என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை. சீட்டு மூலைக்கடையில் இருந்தது; பெரிய கடையில் இருக்கிறது என்று நினைத்து, மூலைக்கடைக்கே போய், இங்கே மாற்றுங்கள் என்றார். அதே நேரத்தில் அத்தை, மதிய இடைவேளையில், எதிர்க்கடையில் நின்று, இங்கே மாற்றுங்கள், மாலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

வெள்ளைக் கோட்டு தொலைபேசியை எடுத்தாள். மூலைக்கடைக்காரர், வழக்கம் போல வாசித்துக் காட்டிவிட்டுத் தன் கணக்கில் அடித்தார். அப்புறம், அவர் இங்கே நிற்கிறாரே, இங்கே வேண்டும் என்கிறாரே என்றார். அவள், அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று தன் கணக்கில் அடித்தாள். அவர், பரவாயில்லை, உங்களிடமே இருக்கட்டும் என்றார். அவள், இல்லை, உங்களிடமே என்றாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளருக்காகச் சுண்ணக்கட்டியில் சண்டை போட்டவர்கள், இப்போது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் இருவருமே மனநிறைவோடு தொலைபேசியை வைத்தார்கள். இரண்டு கடையிலும் மாமாவின் பெயர் இல்லாமல் போயிற்று.

அத்தை மாலையில் மருந்து வாங்கப் போனபோதுதான் இது தெரிந்தது. பெரிய கடையில் மூலைக்கடைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். மூலைக்கடையில் எதிர்க்கடைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அன்று வெள்ளிக்கிழமை. சீட்டு எழுதிய டாக்டர் வெளியூர் போயிருந்தார், திங்கள்தான் வருவார். அத்தை கணக்காக வாங்குகிறவள். காலையில் மாமா போட்டது கடைசி மாத்திரை. முழு மாத்திரைக்கு நான் பொறுப்பு என்று சொன்னவள், வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"இதுக்குப் போய் ஏன் கலங்கறே?" என்றார் மாமா. அவள் படும் பாட்டைப் பார்த்து மனம் தாங்காமல் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மிட்டாய் டப்பாவை எடுத்து வந்து, பெருமையோடு திறந்தார். "ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணு. அஞ்சாறு மாசத்துக்கு இருக்கு."

டப்பா நிறைய அரை மாத்திரைகள்.

அத்தை ஒன்றை எடுத்து, வெட்டிய விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "பிளேடைத்தான் நான் தூக்கிப் போட்டேனே."

"காய் வெட்டற கத்தி இருந்துச்சே."

"நான் பாதி விலைக்கு வாங்கிட்டு வந்தேனேங்க. ஒவ்வொரு மாசமும்."

"அதான். பாதி விலைக்கு வாங்கினதைப் பாதி போட்டா கால் விலைதானே ஆகுது" என்றார் மாமா. பிறகு குரல் இறங்கியது. "நீ இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடறே. நான் சும்மா உக்காந்து முழுசா முழுங்கறதா? ஏதோ என்னால முடிஞ்சது."

அத்தை உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்தாள், டப்பாவை மூடினாள், மாமாவின் கையைப் பிடித்தாள். "நடங்க."

மூலைக்கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்தார். முதன்முறையாக மூக்குக் கண்ணாடி தேடாமலே அவர் கண்ணுக்கு வந்தது. இந்த மாத்திரையை வெட்டவே கூடாது, உள்ளே போய் மெதுவாகக் கரையத்தான் மேலே பூச்சு, வெட்டினால் இரண்டு அரை ஒரு முழு ஆகாது என்று மெல்லச் சொன்னார். மாமாவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். முள் ஏறிய உயரத்தை அத்தையும் பார்த்தாள். அவர் உடனே எதிர்க்கடையைக் கூப்பிட்டார். இந்த முறை மழையைப் பற்றிப் பேசவில்லை. "கொஞ்சம் வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளைக் கோட்டு தன் கவுண்டரைச் சாத்திவிட்டு, வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து வந்தாள். அவள் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் மாமாவின் கால், கையில் பட்டையோடு இருந்த நிலையிலும், தரையை மிதித்தது.

வாசலில் வந்து நின்றாள். மாதக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதுவரை ஒருவரை ஒருவர் அருகில் பார்த்ததில்லை.

"குரலை வெச்சு, நீங்க உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

"நாற்காலியில ஏறி உக்காந்துதான் பேசுவேன்" என்றார் அவர்.

அப்புறம் இருவரும் வேலையில் இறங்கினார்கள். அவள் டாக்டரின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். அவர் வெளியூரிலிருந்தே புதுச் சீட்டுக்குச் சம்மதம் சொன்னார். முழு மாத்திரையை நாளைக் காலையிலிருந்து ஒழுங்காகப் போடட்டும், திங்களன்று வந்து தன்னைப் பார்க்கட்டும், தலை சுற்றினால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்றார். அத்தை அதையெல்லாம் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னாள். மூலைக்கடைக்காரர் புது மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். அது வழக்கமான நீல அட்டை இல்லை. அதே மருந்துதான், வேறு கம்பெனி செய்வது, டாக்டரிடம் கேட்டுவிட்டேன் என்றாள் வெள்ளைக் கோட்டு. விலையைச் சொன்னாள். அத்தை பாதி விலை என்று கொடுத்துவந்ததைவிட அது குறைவாக இருந்தது. எந்தச் சலுகையும் இல்லாமலே.

அத்தை அட்டையைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, சின்ன எழுத்தையெல்லாம் படித்தாள். "இது எப்போ வந்துச்சு?"

அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள்.

"உங்களைத்தான் கேக்கறேன். எப்போ வந்துச்சு?"

"போன மாசம்" என்றார் அவர். காது இரண்டும் சிவந்திருந்தன. வெள்ளைக் கோட்டு தன் கோட்டில் இல்லாத மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லியிருப்பார் என்று தான் நினைத்ததாக அவள் முணுமுணுத்தாள். அவள் சொல்லுவாள் என்று தானும் நினைத்ததாக அவர் சொன்னார்.

"என்னைக் கேட்டா நான் சொல்லியிருப்பேன்" என்றார் மாமா, கைப்பட்டையைக் கழற்றியபடி. "இதைச் சொல்லிட்டா நீ கடை மாத்த மாட்டே. நீ கடை மாத்தலைன்னா இவங்க எதைச் சாக்கு வெச்சுப் போன் பேசுவாங்க?"

அத்தை இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். எத்தனை மாதம் இந்தச் சாலையைக் கடந்தாள், எத்தனை சின்ன எழுத்தைப் படித்தாள். ஆஃபர் என்ன என்றுதான் இரண்டு கடையிலும் கேட்டாளே தவிர, வேறு மாத்திரை உண்டா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதுவும் அவளுக்கு அந்த நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். ஆனால் தோற்றுப்போய்த் திரும்பும் பழக்கம் அவளுக்கு இல்லை. அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டாள்:

"சரி, இதுக்கு ஆஃபர் ஏதாவது உண்டா?"

போன மாதத்துக்குப் பரிகாரமாக, ஆயுசுக்கும் மாமாவுக்கு இலவசமாக இரத்த அழுத்தம் பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்த டப்பாவை அத்தையே மூலைக்கடைக்காரரிடம் ஒப்படைத்து, அவர் அதை அழிக்கிறவரைக்கும் நின்று பார்த்தாள். அவ்வளவு மாத்திரை வீணாகப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அதன் பிறகு காலைவேளைகள் மாறின. மாமா முழு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். அத்தை எதிரே நின்று, "நாக்கைத் தூக்குங்க" என்பாள். தூக்குவார். "இந்தப் பக்கம்." காட்டுவார். ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற அதிகாரிகூட இவ்வளவு சோதித்ததில்லை என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது. சலுகைக்கு ஓட வேலை இல்லாமல் அத்தைதான் கொஞ்சம் தளர்ந்து போனாள். பிறகு பெரிய கடையில் பற்பசைக்கு ஏதோ அறிவித்தார்கள். முகத்தில் களை வந்துவிட்டது.

நான் மறுபடி கிளம்பினேன். பிரிக்காத பெட்டியைத் தூக்குவதில் சிரமம் இல்லை. அத்தை வழியனுப்ப வரும்போது ஐந்து பற்பசையும் ஒரு மூட்டைப் பஞ்சும் கொடுத்தாள். எதற்கு இவ்வளவு பஞ்சு என்று நான் கேட்கவில்லை.

எவ்வளவோ நாள் கழித்து, வேறொரு நாட்டில், பேருந்து நிலையம் ஒன்றில் காத்திருந்தபோது என் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. மாமாவிடமிருந்து. எழுத்து ஒவ்வொன்றாகத் தேடி அழுத்துவது பெருந்தொல்லை என்று அதுவரை யாருக்கும் ஒரு வரி அனுப்பாதவர்.

"இன்னிக்கும் முழு மாத்திரை. நாக்கைத் தூக்கிக் காட்டியாச்சு. கோட்டம்மா அந்தக் கடை வேலையை விட்டுட்டு மூலைக்கடைக்கு வந்தாச்சு. நேத்து அவங்களுக்கும் மூலைக்கடைக்காரருக்கும் கல்யாணம். அதுக்காகக் கடையில எல்லாம் பாதி விலை, ஆளுக்கு ஒரு தடவைதான்னு போர்டு. உங்க அத்தை என்னை ரெண்டு தடவை வரிசையில நிக்க வெச்சா. ரெண்டாவது தடவை அவளைத் தெரியாத மாதிரியே நின்னேன். மாப்பிள்ளைக்கே அடையாளம் தெரியலை. குடையைப் பத்தி நான் கேக்கவே இல்லை."